பாஸ்கல், அசெம்பிளி, நாலாம் நம்பர் மெஷின்

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்து என் பழைய புரோகிராம் ஒன்றைப் பற்றிப் பேசியபோது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள். "மேடம், ஒரே புரோகிராமை எதுக்கு ரெண்டு மொழியில எழுதினீங்க? ஒண்ணுலயே முடிச்சிருக்கலாமே?" இவ்வளவு படித்தும் இந்த அம்மாவுக்கு விவரம் பத்தவில்லையே என்ற பரிதாபம் அவள் முகத்தில் தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். இப்போது நிதானமாக உட்கார்ந்து அவளுக்கும் உங்கள் எல்லோருக்கும் பதில் எழுதுகிறேன். பதில் கொஞ்சம் நீளம். நடுவில் முட்டை வரும், கோழிக்குஞ்சு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் பிற்பாதி அது. சேலத்தில் ஐந்து ரோட்டுக்குப் பக்கம், ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் இருந்த சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் என்றாலே ஏ.சி. அறை, செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு உள்ளே போவது என்றிருந்த காலம். எங்கள் மாடியில் ஏ.சி. கிடையாது. ஒரு மேசை விசிறி இருந்தது. அதுவும் எங்களைப் பார்க்காது, கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். நூற்பாலைகளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. நான் பாஸ்கலில் எழுதுவேன். மேட்டூர்க்காரரான சேகர் அசெம்பிளியில் எழுதுவார்.

பாஸ்கல் படித்தால் புரியக்கூடிய மொழி. எது எண், எது எழுத்து, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லச் சொல்லி நச்சரிக்கும். அசெம்பிளி கம்ப்யூட்டரின் சில்லுக்கு நேரடியாக இடும் கட்டளை. இதை எடு, அங்கே வை, அங்கே போ, அவ்வளவுதான் பேச்சு. வேகம் அசுர வேகம். ஆனால் நாம் தப்பாகச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் அதையும் அதே வேகத்தில் செய்து முடித்துவிடும். சேகருக்கு அந்த வேகத்தின் மேல் தீராத மோகம். தான் எழுதியதில் ஒரு கட்டளை அதிகமாகத் தெரிந்தால் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி முகம் சுளிப்பார். "வசந்தி எழுதறது கல்யாணப் பத்திரிகை" என்று என் பாஸ்கலைக் கிண்டல் செய்வார். "உங்களது சாவுத் தந்தி" என்று நான் திருப்பிக் கொடுப்பேன். இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே நன்றாக வேலை செய்தோம்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ராசாமணி அக்கா ஒரு ஹேட்சரி நடத்திவந்தார். முட்டையைக் குஞ்சாக்கும் இடம்தான் ஹேட்சரி. ஆள் உயரத்துக்கும் மேலான பெரிய பெட்டிகள் நாலு இருந்தன. செட்டர் என்பது அவற்றின் பெயர், அங்கே வேலை செய்பவர்கள் வாயில் வெறும் மெஷின். உள்ளே தட்டுத் தட்டாக முட்டையை அடுக்கி, ஹீட்டரையும் விசிறியையும் ஓடவிட்டு, அடைகாக்கும் கோழியின் சூட்டை அப்படியே பிடித்து வைக்க வேண்டும். பொரிக்கும் நாள் நெருங்கும்போது முட்டைகளை ஹேட்சர் என்ற வேறு பெட்டிக்கு மாற்றுவார்கள். சூடு கொஞ்சம் குறைந்தால் உள்ளே இருக்கும் கரு சமாளித்துக்கொள்ளும். கூடினால் போச்சு. நாலு மெஷினின் சூட்டையும் ஒரே இடத்திலிருந்து பார்த்து, தேவைக்கேற்ப ஹீட்டரைப் போட்டு நிறுத்தும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று அக்கா எங்கள் முதலாளியிடம் கேட்டிருந்தார்.

ஆசைக்காகக் கேட்டதல்ல அது. கணவர் இறந்தபின் ஹேட்சரியை அக்கா பார்த்தார். முட்டைக்கோழிப் பண்ணையையும் லாரிகளையும் கணவரின் தம்பி தங்கவேலு பார்த்தார். சொத்து பொது, முடிவு மட்டும் பெரும்பாலும் தங்கவேலுவுடையது. கம்ப்யூட்டர் என்ற பேச்சு வந்ததும் அவர் சொன்னாராம்: "ஒரு லாட்டு பாப்போமுங்க அண்ணி. அது சரியா வல்லீன்னா பொட்டியுங் கெளம்பட்டும். ஹேட்சரிய நானே பாத்துக்கறேன். நீங்க ஊட்ல நிம்மதியா இருங்க." அக்கா சரி என்று சொல்லிவிட்டார். ஆக அந்த ஒரு லாட்டு முட்டை பொரிந்தால்தான் அக்கா அந்த அறைக்குள் எஜமானியாக நடமாட முடியும். முதல் நாளே எங்களிடம் இதை ஒளிக்காமல் சொன்னார். "தெரிஞ்சு செய்யுங்க சாமி" என்றார்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு மெஷினிலும் சூட்டை அளக்கும் ஒரு சின்னப் பெட்டி பொருத்தினோம். கம்ப்யூட்டர் கேட்டால் அது பதில் அனுப்பும். அந்தப் பதில் கண் இமைப்பதற்குள் வந்து போய்விடும். என் பாஸ்கல் திரையில் அழகாகக் கட்டம் போட்டு எண் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் பதில் வந்தால் அதைத் தவறவிட்டுவிடும். அதனால் கேட்பதும் பதிலைப் பிடிப்பதும் அசெம்பிளியில், மற்ற எல்லாம் பாஸ்கலில். பாஸ்கல் ஓடிக்கொண்டே இருக்கும், சூடு தெரிய வேண்டிய இடத்தில் சேகரின் அசெம்பிளியைக் கூப்பிடும், அது வேலையை முடித்து எண்ணைக் கொண்டுவந்து கொடுக்கும்.

இந்தக் கூப்பிடுதலுக்கு ஒரு மரியாதை உண்டு. பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் போய் ஒரு வாய் காபி போட்டுக்கொள்கிறோம் என்று வையுங்கள். அடுப்பைப் பயன்படுத்தலாம், பாத்திரத்தை எடுக்கலாம். திரும்பும்போது எது எங்கே இருந்ததோ அது அங்கே இருக்க வேண்டும். சில்லுக்குள் டி.எஸ். என்று ஒரு ரெஜிஸ்டர், அதாவது ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும் சின்ன அறை. தன் சாமான்களையெல்லாம் மெமரியில் எந்தப் பக்கம் வைத்திருக்கிறோம் என்ற குறிப்பைப் பாஸ்கல் அதில்தான் வைத்திருக்கும். அசெம்பிளி தன் வேலைக்காக அதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கிளம்பும் முன் பழையபடி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். வைக்காவிட்டால் பாஸ்கல் தன் வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் நிற்கும். சேகருக்கு இது எனக்குத் தெரிந்ததைவிட நூறு மடங்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் முதலாளி இந்த வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவருக்குப் புரோகிராம் எழுத வராது, ஆனால் மின்சாரம் தெரியும். கம்ப்யூட்டரை அணைத்தால், சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு நிறுத்த மெஷின்களில் முன்பிருந்த பழைய தெர்மோஸ்டாட்டுகள் தாமாக வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். சேகருக்கு அது பிடிக்கவில்லை. புதுத் தையல் மெஷினோடு பழைய ஊசி நூலையும் கட்டிக் கொடுப்பதா என்று முணுமுணுத்தார். முதலாளி அசையவில்லை, அதனால் அப்படியே செய்தோம்.

ஹேட்சரிக்குள் நுழைவதே ஒரு சடங்கு. செருப்பை வெளியே விட்டு, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளையும் மருந்துத் துணியால் துடைக்காமல் உள்ளே விடமாட்டார்கள். குஞ்சுக்கு நோய் வந்துவிடும் என்ற பயம். முதல் நாள் நாங்கள் கொடுத்துவிட்ட, புரோகிராம் பதிந்த பிளாப்பித் தட்டை, அது என்னவென்று தெரியாத ஒரு அம்மா, உறைக்குள்ளிருந்து உருவி, முன்னும் பின்னும் சிரத்தையாகத் துடைத்து, துணி கிளிப்பு போட்டுக் கொடியில் காயவும் வைத்துவிட்டார். சேகர் அதைப் பார்த்து நின்ற கோலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. "நல்லாக் காஞ்சிருச்சுங்க, எடுத்துக்கங்க" என்று அந்த அம்மா பெருமையோடு நீட்டினார். அன்றிலிருந்து உள்ளே போன பிளாப்பி வெளியே வருவதில்லை என்று சட்டம் போட்டோம்.

சேலத்து மாடியில் வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு முறைகூடப் புரோகிராம் தடுமாறவில்லை. ஹேட்சரியில் முட்டை அடுக்கி முடித்து, சூடு நிலைத்த பிறகு கம்ப்யூட்டரை இணைத்தோம். அங்கேயும் சமர்த்தாக ஓடியது. மெஷின்களின் கதவில் கண்ணாடி ஜன்னல் இருக்கும். உள்ளே தொங்கும் பாதரசத் தெர்மாமீட்டரை அதன் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம் என்பதால் கதவைத் திறக்கும் வேலை இல்லை. தங்கவேலுகூட ஒரு நாள் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "பச்சப் பசேல்னு நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முட்டைகளை ஹேட்சருக்கு மாற்றும் நாள் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நானும் சேகரும் காலையிலேயே போய்விட்டோம். அக்காவும் வேலைக்காரப் பெண்களும் முதல் மெஷினைக் காலி செய்து, தட்டுகளை அடுத்த அறைக்குக் கொண்டுபோனார்கள். சேகர் வெளியே டீ குடிக்கப் போயிருந்தார். நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, என் கட்டங்களுக்குள் என் எண்கள் ஒழுங்காக நிற்பதை ரசித்துக்கொண்டிருந்தேன். நாலு மெஷினும் எந்தச் சூட்டில் இருக்க வேண்டுமோ அந்தச் சூட்டில் இருந்தன.

அக்கா உள்ளே வந்தார். போகிற போக்கில் ஒவ்வொரு கண்ணாடி ஜன்னலிலும் குனிந்து பார்ப்பது அவர் வழக்கம். நாலாம் நம்பரில் குனிந்தவர் நிமிரவில்லை.

"அம்முணி, இங்க வாங்க. உங்க பொட்டி ஒண்ணு சொல்லுது, கண்ணாடி ஒண்ணு சொல்லுதுங்களே?"

நான் போய்ப் பார்த்தேன். பாதரசம் இருக்க வேண்டிய கோட்டைத் தாண்டி மேலே நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஏறுவது போல இருந்தது. ஓடிவந்து திரையைப் பார்த்தேன். அங்கே நாலாம் நம்பர் சாதுவாக, சரியான சூட்டில். ஒரு பொத்தானை அழுத்தினேன். பதில் இல்லை. இன்னொன்றை அழுத்தினேன். எதுவும் நடக்கவில்லை.  நான் ரசித்துக்கொண்டிருந்தது உயிருள்ள எண்களையே அல்ல. புரோகிராம் எப்போதோ உறைந்துவிட்டது, திரையில் கடைசியாக எழுதியது அப்படியே நிற்கிறது. உறைந்த நொடியில் எந்த ஹீட்டர் எரிந்துகொண்டிருந்ததோ அது எரிந்துகொண்டே இருக்கிறது. அது நாலாம் நம்பர் ஹீட்டர்.

நான் கூப்பிட்ட சத்தம் கேட்டுச் சேகர் ஓடிவந்தார், கோட்டுகூட மாட்டாமல். திரையைப் பார்த்ததும் அவர் கண் பளிச்சென்று ஆனது. கம்ப்யூட்டரின் பின்பக்கம் அவரே ஒரு சின்னப் பொத்தான் வைத்திருந்தார். அதை அழுத்தினால் சில்லு அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருக்கிறது, எந்த ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்று உள்ளே பார்க்கலாம்.

"தொடாதீங்க வசந்தி. நான் உள்ள பாக்கறேன்."

"நாலாம் நம்பர் சூடேறுது சேகர். கம்ப்யூட்டரை அணைச்சாத்தான் தெர்மோஸ்டாட் எடுத்துக்கும்."

"அணைச்சா மெமரியில இருக்கறது அத்தனையும் போயிடும். எதனால நின்னுச்சுன்னு என்னிக்குமே தெரியாது. சேலத்துல இத்தனை வாரம் ஓட்டி ஒரு தடவை மாட்டல. இன்னிக்கு மாட்டியிருக்குது. கொஞ்ச நேரம் குடுங்க."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. சீக்கிரம் முடிச்சிருவேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எப்போதாவது வரும் பிழை கையில் சிக்கியிருக்கும்போது அதை விட்டுவிடுவது முட்டாள்தனம். அதைக் கண்டுபிடிக்காமல் மறுபடி இணைக்கவும் முடியாது, இணைக்காவிட்டால் தங்கவேலு சொன்னதுதான் நடக்கும். அந்தப் பக்கம் நியாயம் மலை மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் ஒரு ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குச் சேகரின் 'சீக்கிரம்' என்ற சொல் புரியாது. அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எங்கள் பேச்சு புரிந்திருக்காது, ஆனால் ஒருவர் பேசுவது பெட்டியைப் பற்றி, மற்றவர் பேசுவது முட்டையைப் பற்றி என்பது மட்டும் கட்டாயம் புரிந்திருக்கும்.

கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் இருந்த சிவப்பு சுவிட்சைக் கீழே தள்ளினேன்.

திரை இருண்டது. மெஷின்களில் தெர்மோஸ்டாட்டுகள் வேலையை எடுத்துக்கொள்ளும் டக் டக் சத்தம் கேட்டது. அக்கா நாலாம் நம்பர் கதவைத் திறந்து, ஒரு முட்டையை எடுத்துத் தன் கண்ணிமை மேல் வைத்துப் பார்த்தார். சூட்டைத் தெரிந்துகொள்ள அவர்கள் செய்வது அது. இன்னொரு தட்டிலிருந்து இன்னொன்று. "ஏறித்தான் இருக்குதுங்க. கையை மீறிப் போகலீன்னு நெனைக்கறேன்" என்றார். கதவைச் சிறிது நேரம் திறந்தே வைத்துச் சூட்டைத் தணித்தார். பழைய தெர்மோஸ்டாட்டுகள் வேலை செய்து பல நாள் ஆகியிருந்ததால் அவற்றை நம்பாமல், மெஷினுக்கு ஒரு பெண்ணைத் தெர்மாமீட்டர் பார்க்க நிறுத்தினார்.

 சேகர் வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். நான் பின்னாலேயே போனேன். "கையில பிடிச்ச திருடனைக் கதவத் தொறந்து அனுப்பி வச்சிட்டீங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கூட வேலை செய்பவர் அப்படிச் சொன்னால் வலிக்கத்தான் செய்கிறது.

அந்த நேரம் பார்த்துத் தங்கவேலுவின் ஜீப் வந்து நின்றது. நேரே உள்ளே போனார். இருண்ட திரையையும், மெஷினுக்கு ஒருத்தியாக நின்ற பெண்களையும் பார்த்தார்.

"என்னுங்கண்ணி, பொட்டி படுத்துக்கிச்சுங்களா?"

அக்கா எதையும் மறைக்கவில்லை. "ஆமாங்க தம்பி. நாலாம் நம்பர் சூடேறிப்போச்சு. இந்த அம்முணிதான் நிறுத்துச்சு. தப்பு எங்கேன்னு பாத்துட்டு இருக்கறாங்க."

தங்கவேலு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, அந்த முட்டையெல்லாம் என்னாகும்?"

"தெரியலீங்க" என்றேன்.

"அப்ப நாஞ் சொன்னது சரியாப் போச்சு" என்றார் அக்காவிடம்.

"குஞ்சு பொரிக்கட்டுங்க. அப்பறம் பேசிக்கலாம்" என்றார் அக்கா. குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தங்கவேலு போனதும் நாலாம் நம்பர் ஜன்னலில் மறுபடியும் குனிந்து பார்த்தார்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சேகர் தானே உள்ளே வந்தார். அவர் கோபம் அப்படித்தான், சோறு தாண்டாது. புரோகிராமை அச்செடுத்த தாள்களைத் தரையில் விரித்து உட்கார்ந்தோம். திருடன் போய்விட்டான், வந்து போன தடமாவது இருக்கும் என்று தேடினோம். சேலத்தில் ஓடியது, இங்கேயும் நேற்று வரை ஓடியது, இன்று காலை நின்றது. அப்படியானால் இன்று காலை புதிதாக என்ன நடந்தது? அக்காவைக் கூப்பிட்டு, காலையிலிருந்து செய்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னேன்.

"ஒண்ணாம் நம்பர் கதவத் தொறந்தோம். தட்டெல்லாம் எடுத்து வண்டில வச்சோம். கதவச் சாத்துனோம். அவ்வளவுதானுங்க" என்றார்.

சேகர் தாளில் விரல் வைத்துத் தேடினார். கதவைத் திறப்பதற்கும் அவருடைய அசெம்பிளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சூடு குறைந்தால் குறைந்த எண் வரும், வேறொன்றும் ஆகாது. மறுபடி கேட்டோம். மறுபடியும் அதே பதில். வேறு பெண்களைக் கேட்டோம். அவர்களும் அதையே சொன்னார்கள். எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள், அதில்தான் சிக்கலே.

எனக்கு என்ன தோன்றியதோ, "அக்கா, சொல்ல வேண்டாம். செஞ்சு காட்டுங்க" என்றேன். ஒண்ணாம் நம்பர் காலியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து ஹீட்டர்களுக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு, மெஷின்கள் தெர்மோஸ்டாட்டிலேயே இருக்க, கம்ப்யூட்டரை மட்டும் தனியாகப் போட்டோம். எண்கள் திரையில் ஓடத் தொடங்கின. சேகர் தன் பொத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அக்கா ஒண்ணாம் நம்பருக்கு முன்னால் போய் நின்றார். இடது கை கதவின் தாழ்ப்பாளுக்குப் போகும் முன்பே வலது கை தானாக மேலே போய், கதவுக்கு மேலிருந்த சுவிட்சை அணைத்தது. அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது.

திரை உறைந்தது.

"அக்கா, அந்த சுவிட்சு?" என்றேன்.

"மிஷினு ஓடறப்பக் கதவத் தொறப்பாங்களா சாமி? உள்ள அத்தாப் பெரிய ஃபேனு சுத்துது, கைய வாங்கிப்போடும்" என்றார். இதையெல்லாமா சொல்லுவார்கள் என்ற ஆச்சரியம் அவருக்கு. அது அவருக்கு ஒரு வேலையே இல்லை, மூச்சு விடுவது மாதிரி. நம்மிடம் காலையில் என்ன செய்தாய் என்று கேட்டால் மூச்சு விட்டேன் என்றா சொல்கிறோம்? சூட்டை அளக்கும் எங்கள் சின்னப் பெட்டிக்கும் அதே சுவிட்சின் வழியாகத்தான் மின்சாரம் எடுத்திருந்தோம். அவர் அணைத்ததும் அதுவும் செத்துவிட்டது. கம்ப்யூட்டர் கேட்டது, பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. சேலத்து மாடியில் எல்லாப் பெட்டியும் எப்போதும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

சேகர் பொத்தானை அழுத்தி உள்ளே பார்த்தார்.  பிறகு தாளைத் திருப்பி ஓர் இடத்தைக் காட்டினார். பதில் வந்தால் வெளியேறும் வழியில் டி.எஸ்.ஸைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அவருடைய அசெம்பிளி திரும்பியது. பதிலே வராவிட்டால் வெளியேற இன்னொரு குறுக்கு வழி இருந்தது. அதில் அந்த ஒரே ஒரு கட்டளை இல்லை. அந்த வழியாக ஒரு தடவை வந்ததும் என் பாஸ்கல் தன் சாமான்களைத் தேடிக் கண்ட இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

"இந்த வழியில யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"எம் பாஸ்கல் மட்டும் என்னவாம்? பதில் வல்லீன்னா என்ன செய்யறதுன்னு ஒரு வரி கிடையாது" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

கட்டளையைச் சேர்த்தோம். பதில் வராத மெஷினின் கட்டத்தைத் திரையில் விட்டு விட்டு மின்னவைத்து, அதன் ஹீட்டரை உடனே நிறுத்தவும் சொன்னோம். திரையின் மூலையில் நான் ஓடும் கடிகாரம் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தத் திரையும் அது இல்லாமல் இருந்ததில்லை. எண் சரியாக இருப்பது போதாது, அது உயிரோடு இருக்கிறதா என்பதும் பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் கேபிளை அன்றே மாட்டவில்லை. இந்த முறை சேகரே வேண்டாம் என்றார். கேபிள் இல்லாமல் ஓடவிட்டு, ஒவ்வொரு மெஷின் பெட்டியின் மின்சாரத்தையும் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தோம். அந்த லாட்டு முழுவதும் பழைய தெர்மோஸ்டாட்டிலேயே போகட்டும் என்று அக்காவிடம் சொன்னோம். புரோகிராமைத் திருத்துவது எங்கள் வேலை. மறுபடி நம்பலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

இப்போது நீங்கள் மற்றவர்கள் எழுதியதை ஒரே வரியில் கூப்பிட்டு வேலை வாங்குகிறீர்கள். நல்லது, நானும் உங்கள் வயதில் இருந்தால் அதைத்தான் செய்வேன். எதைக் கூப்பிட்டாலும், பதில் வராத வழியில் ஒரு தடவை நீங்களே நடந்து பாருங்கள். உங்கள் புரோகிராமைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் வாயால் கேட்டு வராதீர்கள், பக்கத்தில் நின்று அவர்கள் கையைப் பாருங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உபதேசம்.

பொரிக்கும் நாளன்று நானும் சேகரும் நாமக்கல் போனோம். யாரும் கூப்பிடவில்லை, இருப்புக் கொள்ளாமல் போனோம். தங்கவேலு எங்களுக்கு முன்பே வந்து, கோட்டு மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி நின்றிருந்தார். அறைக்குள் நுழையும் முன்பே கீச்சு கீச்சென்று சத்தம். ஹேட்சர் தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தார்கள். ஈரம் காய்ந்த மஞ்சள் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. முதல் மூன்று மெஷின் முட்டைகளும் அருமையாக வந்திருந்தன. நாலாம் நம்பர் தட்டுகளைக் கடைசியாக எடுக்கச் சொன்னார் அக்கா.

அவற்றிலும் குஞ்சுகள் இருந்தன, நிறையவே இருந்தன. பொரியாத முட்டையும் மற்றதைவிட அதிகமாக இருந்தது. தங்கவேலு குனிந்து அந்த முட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, காலை விரித்துப் பார்த்து, மெதுவாகத் தட்டில் விட்டார். அவருக்குக் கோழி தெரியும். அன்று காலை இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஹீட்டர் எரிந்திருந்தால் தட்டு எப்படி இருந்திருக்கும் என்றும் தெரியும்.

சேகரிடம் கேட்டார். "ஏனுங்க தம்பி, இனிமே இப்படி ஆகாதுன்னு சொல்ல முடியுங்களா?"

எனக்குத் திக்கென்றது. ஆகாது என்று சேகர் சொல்லிவிடுவார், அவர் தன்மானம் அப்படி. அக்காவுக்கும் அந்த ஒரு சொல்தான் தேவை. சேகர் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்தத் தப்பு வராதுங்க. வேற தப்பு வரவே வராதுன்னு நான் சொல்லமாட்டேன். வந்துச்சுன்னா மொதல்ல பொட்டிய அணைச்சிருவேன். எதனாலன்னு அப்பறந்தான் தேடுவேன்."

 குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. நான் சேகரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை.

தங்கவேலு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அண்ணி, அடுத்த லாட்டு முட்டை நாளைக்கு வருதுங்க. எத எதுல அடுக்கோணும்னு ஆளுககிட்ட நீங்களே சொல்லீருங்க. நா வர மாட்டேன், லாரி வேல கெடக்குது."

"செரிங்க தம்பி" என்றார் அக்கா. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்கும் வரை அப்படியே நின்றார். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கழட்டி வச்ச அந்த ஒயர மாட்டீருங்க சாமி. நாளைக்கு நாலாம் நம்பர்லதான் மொதல்ல அடுக்கறேன்."